வாழ்க்கையின் நோக்கமும் கிறிஸ்தவ விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் இருபது வருஷத்துக்கு மேலாக வாலிபர் வேதபாடம் நடத்திவருகிறேன். நான் ஐயர் (சபைப் போதகர்) இல்லை. இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். வேதபாடம் முடிந்து எல்லாரும் கிளம்பின பிறகு, செருப்பு மாட்டுகிற சாக்கில் ஒருவர் மட்டும் தங்கி மெதுவாகக் கேட்பார்: "அண்ணே, நான் எதுக்கு இருக்கேன்னே தெரியலை." அப்படி வாசலில் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை.

கிறிஸ்தவ விசுவாசத்தின்படி வாழ்க்கையின் நோக்கம் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரே வரியில் சொல்லிவைத்தவர்கள் இருக்கிறார்கள். 1647-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய போதகர்கள் எழுதி முடித்த சிறிய வினாவிடையின் முதல் கேள்வியே இதுதான்: மனிதனுடைய தலையாய நோக்கம் என்ன? கடவுளை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்பது பதில். இதில் முதல் பாதி நம்மவர்களுக்கு மனப்பாடம். "மகிழ்ந்திருப்பது" என்கிற பாதியைத்தான் எப்படியோ வழியில் தொலைத்துவிட்டோம். எங்கள் ஊர்க் கோவிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். முகங்களில் பரீட்சை எழுதுகிற களை.

இயேசுவிடம் கேட்டபோது அவர் இன்னும் எளிதாகச் சொன்னார்: தேவனை முழு இருதயத்தோடு நேசி, உன்னை நேசிப்பதுபோல் பிறனையும் நேசி (மத்தேயு 22). அதில் வேலை, சம்பளம், ஊழியம், கல்யாணம் என்று ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. என் வாழ்க்கைக்குக் கடவுள் ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அது ஏன் இன்னும் தெரியவில்லை?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டைத் தட்டு (ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள, வசனம் எழுதின அட்டைகள்) வரும்போது எல்லாரும் மனசுக்குள் வேண்டிக்கொள்வது இந்த வசனத்தைத்தான். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அழகான வசனம். ஆனால் அட்டையில் இருப்பது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து கிழித்த துண்டு. முழுக் கடிதத்தையும் வாசிக்க வேண்டும்.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்குத்தான் எரேமியா எழுதுகிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடலாம் என்று சபை நடுவே சொல்லியிருந்தான். கேட்ட ஜனத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அப்படியானால் கடிதத்தை வாங்கி வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப்போவதில்லை; பாபிலோன் மண்ணில்தான் அடக்கம்.

அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை என்ன? வீடு கட்டுங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பெண் எடுங்கள், பெண் கொடுங்கள். உங்களைப் பிடித்துவந்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். பதினோராம் வசனம் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது.

பெரிய திட்டம் அவர் கையில் இருக்கிறது. நம் கையில் தரப்பட்டது தோட்டம். நான் பார்த்தவரை, "என் வாழ்க்கையின் திட்டம் தெரியட்டும், அப்புறம் தொடங்குகிறேன்" என்று காத்திருப்பவர்கள் பத்து வருஷம் கழித்தும் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பூட்டின பெட்டிக்குள் நம் பெயர் எழுதிய ஓலை ஒன்று இருக்கிறது, சாவி கிடைத்தால் போதும் என்கிற எண்ணம் ஏட்டுச் சோதிடத்திலிருந்து நமக்குள் வந்தது, வேதத்திலிருந்து வந்ததல்ல.

அப்படியானால் பழைய ஏற்பாட்டில் பிரசங்கி "எல்லாம் மாயை" என்கிறாரே? நோக்கமே இல்லை என்றுதானே ஆகிறது?

தமிழில் வாசிக்கிற நமக்கு இங்கே ஒரு சிக்கல். "மாயை" என்றவுடன் நம் காதில் விழுவது வேதாந்தம்: உலகம் பொய்த்தோற்றம், கயிற்றைப் பாம்பென்று கண்டது. எபிரெயத்தில் இருக்கிற சொல் "ஹெபெல்". மூச்சு, ஆவி, பனிமூட்டம் என்று அர்த்தம். மார்கழிக் காலையில் வாயிலிருந்து வரும் புகை இருக்கிறதே, அது. இல்லாத ஒன்றல்ல, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பிடித்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. ஆதியாகமத்தில் கொல்லப்பட்ட ஆபேலின் பெயரும் இதே சொல்தான்.

உழைப்பும் பேரும் சொத்தும் மூச்சைப்போல மறையும், அதைப் பிடித்து வைத்து "இதுதான் என் நோக்கம்" என்று சொல்லாதே என்கிறார் பிரசங்கி. அவரே ஒன்பதாம் அதிகாரத்தில், சந்தோஷமாய் உன் ஆகாரத்தைச் சாப்பிடு, உன் மனைவியோடே வாழ்க்கையை அனுபவி என்கிறார். அடுத்து வருவது எனக்குப் பிடித்த வசனம்: "செய்யும்படி உன் கைக்கு நேரிடுவது எதுவோ, அதை உன் பெலத்தோடே செய்." கைக்கு நேரிடுவது! கனவில் வருவது என்று சொல்லவில்லை.

முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் வாழ்க்கை தேவனுக்குப் பிரயோஜனமாக இருக்குமா?

வாலிபர் முகாம்களில் கடைசி நாள் இரவு என்ன நடக்கும் என்று தெரிந்ததுதான். விளக்கு மங்கலாகும், கீபோர்டு மெதுவாக ஒலிக்கும், "ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பார்கள். நானும் பத்தொன்பது வயதில் எழுந்து நின்றவன்தான். பிறகு வங்கி வேலை கிடைத்தபோது ஏதோ வாக்குத் தவறிய குற்ற உணர்வு பத்து வருஷம் என்னைத் தின்றது. நின்றதைத் தவறென்று சொல்லமாட்டேன். நிற்காமல் உட்கார்ந்திருந்தவர்களை இரண்டாந்தரம் என்று நினைக்கவைத்தார்களே, அதுதான் தவறு.

இயேசு ஊழியம் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதுவரை நாசரேத்தில் தச்சுவேலை. அந்த வருஷங்களெல்லாம் வீணா? பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு சேர்ந்து கூடாரம் தைத்தார். யோப்பாவில் தபீத்தாள் என்று ஒரு பெண். அவர் பிரசங்கம் பண்ணியதாக ஒரு வரியும் இல்லை. அவர் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவர் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் "சீஷி" என்கிற பெண்பால் சொல் வருகிற ஒரே இடம் அதுதான். தையல்காரிக்குக் கிடைத்த பட்டம்!

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் சண்டை போட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. துறவிக்கும் குருவுக்கும் மட்டுமே "அழைப்பு" உண்டு என்றிருந்த வழக்கத்தை உடைத்து, வீடு பெருக்குகிறவளுக்கும் செருப்புத் தைக்கிறவனுக்கும் பிள்ளையின் துணியை அலசுகிற தகப்பனுக்கும் அதே சொல்லைக் கொடுத்தார். ஜெர்மன் மொழியில் தொழிலைக் குறிக்கும் "பெரூஃப்" என்ற சொல் இன்றைக்கும் "அழை" என்ற வினையோடு ஒட்டியே நிற்கிறது.

எங்கள் சபை அசனத்தில் (பொது விருந்தில்) சோறு வடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். ஆராதனைக்கு அன்று அவர் வரமுடியாது, மணிச் சத்தம் மட்டும் கேட்கும். அவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

"அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்" என்று பவுல் எழுதியிருக்கிறாரே. பிறந்த நிலையிலேயே கிடக்க வேண்டும் என்றா?

இல்லை. 1 கொரிந்தியர் 7:20-ஐ வாசித்தவர் அடுத்த வசனத்துக்கும் போகவேண்டும். அடிமைக்கு விடுதலை கிடைக்குமானால் அதை நாடு என்கிறார். எந்த நிலையில் இருந்தாலும் தேவன் அழைக்கத் தயங்குவதில்லை என்பதே அங்கே பேச்சு. நம் சபைகள் இந்த இடத்தில் தலைநிமிர்ந்து பேச முடியாது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையைவிட்டு அகற்றச் சொல்லி எழுதினார். தஞ்சாவூர் கிறிஸ்தவர்களே அதை எதிர்த்துப் பெரிதாகப் போராடினார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பின ஊர்கள் உண்டு. ஒருவனுடைய பிறப்பைக் காட்டி "உன் நோக்கம் இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால், அதை எந்த வசனத்தில் சுற்றிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் அழைப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குரல் கேட்குமா?

கேட்டவர்கள் உண்டு. எனக்குக் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தை வாசிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். "யூதாஸ் நான்றுகொண்டு செத்தான்" என்ற இடத்தில் விரல் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

வேலூர் ஐடா ஸ்கடர் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். ஆனாலும் நிதானமாகத் திரும்பப் பார்க்கலாம். 1870-இல் ராணிப்பேட்டையில் மிஷனரி டாக்டர் வீட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தவர். பஞ்சமும் நெரிசலுமான இந்த ஊர் வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனம் வந்தார், திரும்பிப் போகிற எண்ணத்தோடு. ஒரு இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டரான ஐடாவின் அப்பா வருவதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ வைத்தியம் படிக்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

பிரசங்கங்களில் இங்கேயே நிறுத்திவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயம். முதலாவது, வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழைத்தது கதவைத் தட்டின சத்தம். தட்டினவர்களில் ஒருவரும் கிறிஸ்தவர் இல்லை. இரண்டாவது, அந்த இரவுக்கும் அவர் டாக்டராகத் திரும்பி வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய பத்து வருஷம் இருக்கிறது. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அழைப்பு ஒரு இரவில் வந்தது; அதற்குத் தகுதியாவதற்கு உடற்கூறு பாடத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்க்காரர் கதையும் ஒன்று உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு மிஷனரி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நெல்லையில் அப்படி ஒன்றும் இல்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. அந்த வெட்கத்திலிருந்து 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1909-இல் அவரே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் ஆனார்.

ஒருவருக்குக் கதவுச் சத்தம், இன்னொருவருக்கு வெட்கம். உங்கள் மனதை எது திரும்பத் திரும்ப உறுத்துகிறது என்று பாருங்கள். அது வந்துவிட்டுப் போகிறதா, வருஷக்கணக்கில் நிற்கிறதா? உங்களை நன்றாகத் தெரிந்த, முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்காத இரண்டு பேர் அதைக் கேட்டு என்ன சொல்கிறார்கள்? பாராட்டுகிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

நான் வயிற்றில் இருக்கும்போதே ஊழியத்துக்கென்று அம்மா பொருத்தனை (நேர்ச்சை) பண்ணிவிட்டார். எனக்கு அதில் மனமே இல்லை.

அன்னாள் சாமுவேலைப் பொருத்தனை பண்ணினார், உண்மை. ஆனால் சாமுவேலைப் பேர்சொல்லிக் கூப்பிட்டது கர்த்தர். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொன்னது சாமுவேல். இரண்டுக்கும் நடுவில் அன்னாள் வரவில்லை. அம்மாவின் விசுவாசத்தை மதியுங்கள். உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள். மனமில்லாமல் பிரசங்க பீடம் ஏறுகிறவரால் சபைக்கு வரும் சேதத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மாவின் பொருத்தனையை நிறைவேற்ற வேறு வழிகள் உண்டு.

பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலும் நோக்கம் உண்டா?

"கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் வசனம் அடிமைகளுக்கு எழுதப்பட்டது. எஜமானே பார்க்காத உழைப்பையும் ஒருவர் பார்க்கிறார் என்பது அவர்களுக்குப் பெரிய மானம். அதே வசனத்தை முதலாளி தன் சுவரில் ஒட்டிவைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. வேறு நல்ல வேலை கிடைத்தால் போங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. கிடைக்கும்வரை, பக்கத்து மேசைக்காரருக்கு நீங்கள் இருப்பது நிம்மதியா பாரமா என்று பாருங்கள். முப்பத்தைந்து வருஷ வங்கி வேலையில் எனக்கு ஞாபகம் இருப்பது கணக்கல்ல. பென்ஷன் வாங்க வருகிற, கையெழுத்து நடுங்குகிற பாட்டிமாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததுதான்.

என் பிள்ளையைப் பறிகொடுத்தேன். "இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும்" என்கிறார்கள். என்ன நோக்கம்?

எனக்குத் தெரியாது. சொன்னவர்களுக்கும் தெரியாது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளில் பூசைக்குப் போய்வந்த பிள்ளைகளையும் அலை வாரிக்கொண்டு போனது. வேளாங்கண்ணியில் மாதாவைப் பார்க்க வந்த யாத்திரிகர்களையும். அதற்கு அடுத்த வாரங்களில் விளக்கம் சொல்லக் கிளம்பினவர்கள் பலர். ஒரு விளக்கமும் எந்தத் தாய்க்கும் உதவவில்லை. அங்கே உதவினது, வந்து கூடவே உட்கார்ந்தவர்களும் சோறு பொங்கிக் கொண்டுவந்தவர்களும்.

பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. லாசருவின் கல்லறைக்கு முன்பாக, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், "இயேசு கண்ணீர் விட்டார்". யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாக இருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் வசனம் பாடுபட்டவர் தன் வாயால் சொல்ல வேண்டியது. பாடுபடாதவர் துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லக்கூடாது.

அழுங்கள். கேளுங்கள். சங்கீதங்களில் பல அப்படிக் கேட்டவைதான்.

காலையில் எழுந்திருக்கவே மனமில்லை. எதிலும் அர்த்தமில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதா?

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரை, இரத்த அழுத்தம் போலத்தான். சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்துக்கிடந்த எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். இரண்டு தரம் தூங்கவிட்டான். அதன் பிறகுதான் "உனக்கு இங்கே என்ன காரியம்" என்ற கேள்வி வந்தது. உயிரை விடுகிற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416. ஜெபம் பண்ணிக்கொண்டே அழைக்கலாம்.

கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகும் என்றும் தோன்றவில்லை. படுக்கையில் விழுந்தவர்கள், வயதானவர்கள்... இவர்களுக்கெல்லாம் என்ன நோக்கம்?

இயேசுவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சபையில் உங்களைப் பார்த்தவுடன் "இன்னும் அமையலையா?" என்பவர்களிடம் இதை மெதுவாக ஞாபகப்படுத்தலாம்.

களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறையில் அவர் பெயரைப் பொறித்த நடுகல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து, மணம் முடிக்காமல், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவானவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான். அந்த இருபது வருஷமும் எழுதிக்கொண்டும் பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொண்டும் இருந்தார்.

இது பெரிய மனுஷி கதை என்று தோன்றினால், என் பாட்டி கதையைச் சொல்கிறேன். எழுத்து தெரியாது. உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். மாதக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும், மிஷனரி ஊழியத்துக்காக. பிடியரிசி என்பார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பிடி குறையவில்லை. கை மட்டும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது என்று சிரிப்பார்.

நான் கிறிஸ்தவன் இல்லை. நல்லவனாக வாழ்ந்து நாலு பேருக்கு உதவினால் போதாதா?

அப்படி வாழ்கிறவர்கள் முன்னால் நான் கைகட்டித்தான் நிற்பேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் வாழ்க்கை அர்த்தமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன்; எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் திருநீறு பூசினவர்.

விசுவாசம் எனக்கு என்ன கொடுத்தது என்று மட்டும் சொல்கிறேன். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வந்தது. அதுவரை அவர் ஒரு அற்புதமும் செய்யவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. மார்க் ஷீட் வருவதற்கு முன்னாலேயே கிடைத்த பிரியம். எங்கள் வீட்டிலும் தெருவிலும் பிரியமெல்லாம் மார்க்குக்குப் பிறகுதான். எதையாவது சாதித்து என் இருப்பை நியாயப்படுத்த வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, ஓடுவதற்கு முன்னாலேயே நீ வேண்டியவன் என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகு செய்த வேலையெல்லாம் வேறு மாதிரி இருந்தது. அவ்வளவுதான் என் சாட்சி.

விசுவாசித்தால் வீடு, கார், விசா எல்லாம் வரும் என்கிறார்களே?

சொல்கிறவருக்கு வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம், ஒன்றரை மணி நேரத்தில் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் எளிய தமிழ் வேதாகமம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தப் புத்தகம் 16:8-இல் நின்றுவிடுகிறது: வெறுங்கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் அங்கேயே நிறுத்திவிட்டு, மனதில் எழும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் எந்தச் சபையில் வேதபாடம் நடந்தாலும் அந்தத் தாளோடு போங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. சுக்குக் காபி உண்டு. கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் செருப்பு மாட்டும்போது கேளுங்கள், நான் வாசலில்தான் நிற்பேன்.